வையம்பட்டிச் செவ்வாயில் தண்ணீர்

திருவெள்ளறை
ஆவணி 26, வியாழக்கிழமை

அனுசுயாவுக்கு அப்பாயி எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரம் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் நன்றாகத்தான் இருப்பாள்.

செவ்வாய் கிரகத்தில் இருக்கப் போயிருக்கிறாய் என்று உன் அப்பன் சொன்னான். அது எங்கேடா இருக்கிறது என்றேன். வையம்பட்டிக்குப் பக்கத்தில் என்றான். நான் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் மாடு எழுந்து நின்றுவிட்டது. உன் தாத்தா மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போய், அந்தப் பக்கம் புளி வாங்கி வந்தவள். அப்போது யாரும் எனக்கு அதைச் செவ்வாய் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கு முந்தின ஸ்டாப் மணப்பாறை, அடுத்த ஸ்டாப் அய்யலூரா?

பொட்டல் காட்டில் ஒரு தகரக் கூடம் கட்டி, நாலு பொண்ணுங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று வைத்திருக்கிறார்களாம். நாங்கள் தப்புப் பண்ணின மாட்டைத்தான் அப்படி அடைப்போம். இதற்கு இன்ஜினியர் படிப்பு.

டிவியில் ஆகாயத்தில் மிதக்கிறவர்களைக் காட்டினார்கள். அழுதால் கண்ணீர் கீழே விழாதாம், கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்குமாம். மாமியார் செத்த வீட்டில் மருமகளுக்கு நல்ல வசதி, ஒரு சொட்டு வந்தாலும் நாள் முழுக்கக் காட்டலாம். போகட்டும். எனக்குச் சில சந்தேகம். ஒதுங்குவது எங்கே? தலைக்குக் குளிப்பது உண்டா? அமாவாசை எந்த நிலாவைப் பார்த்து? ஒருத்தி செத்தால் எங்கே எடுப்பீர்கள்? மூன்றாங்கிளாஸோடு நின்றவள் கேட்கிறேன், படித்தவள் பதில் எழுது.

பாப்பாயி

*

செவ்வாய்க் கூடம்
20.9.2025

அப்பாயிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் கைக்கு வந்தது. உண்மையான செவ்வாய்க்கு ஒரு வார்த்தை போய்ச் சேரவே நேரமாகும் என்பதால், எங்களுக்கு வரும் கடிதத்தைச் சில நாள் வெளியிலேயே வைத்திருந்துதான் கொடுப்பார்கள். சுவரில் இரண்டு பக்கமும் கதவு வைத்த பெட்டி இருக்கிறது. அதில் வைப்பார்கள், நாங்கள் எடுத்துக்கொள்வோம். யாரும் பிரித்துப் படிப்பதில்லை. படித்திருந்தால் உன்னை வரவழைத்துச் சன்மானம் கொடுத்திருப்பார்கள்.

சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, கூடத்தின் கண்ணாடி ஜன்னல் வழியாக எங்களைப் பார்க்கிறார்கள். கேள்விகளை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். வேற்றுக்கிரகவாசி வந்தாரா, ஹெல்மெட்டுக்குள் தும்மினால் என்ன ஆகும், ஆய் எங்கே போகிறீர்கள். நீ கேட்டதும் அதே கேள்விகள்தான் அப்பாயி. வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் நாலாம் வகுப்பு, கடைசியில் நன்றி என்று எழுதுகிறார்கள்.

பதில் இது. செவ்வாய்க்கு இரண்டு நிலா, இரண்டும் உருளைக்கிழங்கு மாதிரி சின்னது. உன் அமாவாசைக்கு உதவாது. போய்ச் சேரவே ஏழெட்டு மாதம் ஆகும். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் இருக்கிற தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணிக் குடிக்க வேண்டும். சிறுநீர், வேர்வை, மூச்சில் வரும் ஈரம் வரைக்கும் எல்லாம் ஒரே தொட்டிக்குப் போய், மறுநாள் டம்ளரில் வரும். விண்வெளி நிலையத்தில் இருக்கிறவர்கள் வருஷக்கணக்கில் இதைத்தான் குடிக்கிறார்கள். முகம் சுளிக்காதே. உன் கிணற்றுத் தண்ணீரை விடச் சுத்தம். தலைக்குக் குளிப்பது கிடையாது. ஆளுக்கு அளந்த தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொள்வோம்.

செத்தால் என்ன செய்வது என்பதற்கு உலகத்தில் இன்னும் யாரிடமும் சரியான பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியை நாலாம் வகுப்பும் கேட்கவில்லை.

உள்ளே நாங்கள் நாலு பேர். தலைவி ஜென்சி. அப்புறம் ஷெர்லின். நான். நாலாவது ஸ்ரீரங்கத்துப் பெண், ரஞ்சனி. யார் வீட்டு ரஞ்சனி என்று உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. நீ வேறு யார் வாயாலாவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி சுடலைமுத்துவின் பேத்தி.

அனுசுயா

*

திருவெள்ளறை
புரட்டாசி 11, சனிக்கிழமை

புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளைப் பார்க்க வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் கோயிலுக்குப் போகாமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அந்தப் பாவமும் உன்மேல்தான்.

உன் தாத்தா செத்த கதை உனக்குத் தெரியாது, நீ பிறக்கவில்லை. கேட்டுக்கொள். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து, கையால் போடவேண்டும். எனக்கு இருந்தது ஒரே தம்பி. ஊரே உட்கார்ந்திருக்கிறது. வருவான் வருவான் என்று தெருமுனையைப் பார்க்கிறார்கள். வந்தது பஸ். திருவெள்ளறைக்கு வருகிற டவுன் பஸ். கண்டக்டர் மருதை இறங்கி வருகிறான், தோளில் தோல்பை, கழுத்தில் விசில். கையில் ஜவுளிக்கடைக் காகிதப் பொட்டலம்.

“சுடலைமுத்து அண்ணன் குடுத்துவிட்டாருங்க, பஸ்ஸு நிக்குது, வரேன்” என்றான்.

டிரைவர் ஹாரன் அடித்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலில் தலை நீட்டி என்னைப் பார்த்தார்கள். கோழிக்குத் தீவனம் கொடுத்தனுப்புகிற மாதிரி எனக்குக் கோடி வந்தது. நான் தொடவில்லை. உன் அப்பன் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்த சேலையை நாத்தனார் போட்டாள். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் சொன்னேன், இனி அந்த வீட்டுப் பச்சைத்தண்ணி என் தொண்டையில் இறங்காது, என் வம்சத்தின் தொண்டையிலும் இறங்காது என்று. இன்று வரை இறங்கவில்லை. ஸ்ரீரங்கம் தேருக்குப் போனாலும் அவன் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். உன் அப்பன் கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அந்தப் பொட்டலம் பிரிக்காமல் தகரப்பெட்டியில் கிடக்கிறது, ஒருநாள் அவன் மூஞ்சியில் எறிவதற்காக.

நீ என்னடி என்றால் அந்த வீட்டுப் பெண்ணோடு ஒரே தொட்டியில் குடிக்கிறாய். பச்சைத்தண்ணி கூட இல்லை. அவள் பெய்ததைக் குடிக்கிறாய். நான் கட்டிக் காத்த ஆணையை ஒரு டம்ளரில் முக்கிவிட்டு, கிணற்றுத் தண்ணியை விடச் சுத்தம் என்று எனக்கே எழுதுகிறாய்.

இதைப் படித்ததும் கதவைத் தட்டு. வெளியே வா. உன் அப்பன் வண்டியோடு வருவான்.

பாப்பாயி

*

செவ்வாய்க் கூடம்
5.10.2025

அப்பாயிக்கு,

வரமாட்டேன். நாலு பேரும் தை பிறக்கும் வரைக்கும் உள்ளே இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். ஒருத்தி வெளியே போனாலும் நாலு பேருக்கும் முடிந்தது. வேறு ஊரில் ஒரு வருஷக் கூடம் கட்டுகிறார்கள், இதை முடித்தவர்களைத்தான் அதற்கு எடுப்பார்கள். எனக்கு அதற்குப் போக வேண்டும். ஒரு கண்டக்டருக்காக அதை விட முடியாது.

தண்ணீர் விஷயம் நீ நினைக்கிறதை விட மோசம். அவளுடையதை நான் குடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். என்னுடையதை அவளும் குடிக்கிறாள். யார் வீட்டுத் தண்ணீர் எது என்று அந்தத் தொட்டிக்குத் தெரியாது. நாங்கள் உள்ளே வந்த முதல் நாள் ராத்திரியே உன் ஆணை போய்விட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு பேருக்கும் கொஞ்சம் மலச்சிக்கல், அவ்வளவுதான்.

எனக்கும் ரஞ்சனியை ஒன்றும் பிடித்துவிடவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். உள்ளே கீரை வளர்க்கிற தட்டுக்கு நான் ஊற்றின தண்ணீரைத் திரும்ப அளந்து பார்ப்பாள். ஒரு தடவை வாய் முற்றி, உன் தாத்தன் கோடியைப் பஸ்ஸில் போட்டுவிட்ட ஆள்தானே என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. அவங்க வீட்டில் சொல்கிற கதையைச் சொன்னாள். அன்றைக்குத் தாத்தா கோடியோடு அதே பஸ்ஸில்தான் வந்தாராம். ஊர் எல்லையில், முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாராம். பொட்டில்லாமல் அக்காவைப் பார்க்க முடியாது என்று புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, நடந்தே திரும்பினாராம்.

தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன். சமாதானம் பண்ணுவதற்காக இல்லை.

இன்னொன்று. சாவைப் பற்றிக் கேட்டாயே. உள்ளே வரும்போது எல்லாரிடமும் ஒன்று கேட்டார்கள், வீட்டில் யாராவது போய்விட்டால் உடனே சொல்லவா, முடிந்த பிறகு சொல்லவா என்று. வெளியே ஆகாயத்தில் இருக்கிறவர்களிடமும் முன்கூட்டியே கேட்டு வைப்பார்களாம். நான் உடனே சொல்லுங்கள் என்றேன். ரஞ்சனி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

அனுசுயா

*

திருவெள்ளறை
புரட்டாசி 26, ஞாயிற்றுக்கிழமை

அவனுக்குப் பார்க்க முடியவில்லையாம். எனக்கு அந்தக் கோலத்தில் இருக்க முடிந்தது. அவனுக்குப் பார்க்க முடியவில்லை.

புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதவன் நாலு எட்டு நடந்து வந்து என் முன்னால் அழுதிருக்கலாம். ஆம்பிளை அழுகை மரத்துக்கு எதற்கு? இப்போது எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் கூடுகிறது. வராதவன் என்று இருந்தேன். வந்துவிட்டுத் திரும்பியவனாம்.

சாவு சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாளாமே அவன் பேத்தி. ரத்தம் எங்கே போகும். அவர்களுக்குச் சாவு வீடு என்றாலே முந்தின ஸ்டாப்தான்.

நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

பாப்பாயி

*

திருவெள்ளறை
ஐப்பசி 5, புதன்கிழமை

எழுத வேண்டாம் என்று சொன்ன நானே எழுத வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் விடியலில் சுடலைமுத்து செத்துவிட்டான். நெஞ்சுவலி. பலகாரத்தைக் கையில் வைத்தபடியே சாய்ந்தானாம். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவன் எப்போதும் இருந்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான், இதில் அதுவும் நடக்கவில்லை.

போனேன். போகமாட்டேன் என்று நினைத்தாயா? நான் என்ன புளியமரத்தடியில் உட்காருகிற சாதியா? தெருவில் பையன்கள் மிச்ச வெடியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். தகரப்பெட்டியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். காகிதம் தொட்டதும் பொடியாகப் போயிற்று. சேலையைப் பிரித்து அவன்மேல் போட்டேன். என் கையால் போட்டேன். கொடுத்தனுப்பவில்லை. அவன் பெண்டாட்டி மயிலம்மாளுக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ ஒரு பெண் சொம்பில் தண்ணி நீட்டினாள். வாங்கவில்லை. ஓயாமரிச் சுடுகாட்டுக்கு எடுக்கிற வரைக்கும் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவன் மகன் சரவணன் என் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னான், “ரஞ்சனிக்குத் தெரிய வேணாங்க அத்தை, அது வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கு.” இவர்களுடைய கோழைத்தனம் காகிதம் வரைக்கும் வந்துவிட்டது. தூக்கி வளர்த்தவன் சாம்பலாகிக் கொள்ளிடத்தில் கரைந்த பிறகும் அந்தப் பெண் கீரைக்குத் தண்ணி அளந்துகொண்டிருக்குமா? எங்கள் ஊரில் சாவை மறைக்கிற வழக்கம் இல்லை.

நீ சொல்லிவிடு.

பாப்பாயி

*

செவ்வாய்க் கூடம்
28.10.2025

அப்பாயி,

இதைச் சுருக்கமாக எழுதுகிறேன், எதிரில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு கோடியைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார் என்று, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து ஒரு மனுஷனோடு பேசாமல் இருந்தாய். இப்போது அந்த மனுஷனின் சாவையே என் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாய். நீ போய்ச் சொல்லவில்லை. முந்தின ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டு என்னை அனுப்புகிறாய். உனக்கும் உன் தம்பிக்கும் என்ன வித்தியாசம்? அந்த மருதைக்காவது பஸ் நின்றது, ஏறிப் போய்விட்டான். நான் ஏறிப் போக எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை. மூன்று வேளையும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் வாய்க்குள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு கீரைத் தட்டைத் துடைக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் தாத்தாவை வரச்சொல்லிக் கண்ணாடி வழியாக எல்லாருக்கும் காட்டுவாளாம்.

சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? தெரிந்து வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லாமல் இருப்பேன்? சொன்னால் வெளியே போவாள், எல்லாம் முடியும். இரண்டு நாளாக நான் தூங்கவில்லை. ஜென்சி எனக்குக் காய்ச்சல் பார்க்கிறாள்.

நீயும் அவர்கள் வீடுதான் அப்பாயி. அங்கேதானே பிறந்தாய்.

அனுசுயா

*

திருவெள்ளறை
ஐப்பசி 15, சனிக்கிழமை

கடிதம் கிடைத்தது. உன் அப்பனிடம் கொடுத்து இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் தடவை நானே படித்ததில் எழுத்து ஆடியது.

வாய் நீளம். என் மாமியாருக்கு அடுத்து நீதான் என்னை இப்படிப் பேசினவள். அவள் செத்ததால் பிழைத்தாள்.

அவளிடம் ஒன்றும் சொல்லாதே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சனிக்கிழமைதானே வருகின்றன. வருகிற சனிக்கிழமை அவளைக் கண்ணாடிப் பக்கம் வைத்திரு.

பாப்பாயி

*

செவ்வாய்க் கூடம்
10.11.2025

அப்பாயிக்கு,

நீ வந்ததை நாங்கள் உள்ளேயிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். வரிசையின் கடைசியில் நீ. அவர்கள் டீச்சர் உன்னிடம் ஏதோ கேட்டதும் நீ ஏதோ சொன்னதும் தெரிந்தது, அவர் அதன்பிறகு உன் பக்கம் திரும்பவில்லை. ரஞ்சனி ஜன்னலோரம் நாற்றுத் தட்டோடு நின்றாள். உன்னை அவள் நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் அவங்க வீட்டு ஹாலில் தாத்தாவும் அவர் அக்காவும் சின்ன வயதில் எடுத்த போட்டோ மாட்டியிருக்கிறதாம். இத்தனை வருஷமும் அதைக் கழற்றவில்லையாம்.

“இது திருவெள்ளறை அப்பாயிதானே” என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

“அவங்க எங்களைப் பார்க்க வரமாட்டாங்களே.”

அந்தப் பக்கம் நீ கொண்டையை அவிழ்த்தாய். முடி தோளில் விழுந்தது. ரஞ்சனி தட்டைக் கீழே வைத்தாள். “தாத்தாவா” என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டாள். கண்ணாடி தடிப்பு, உனக்குக் கேட்டிருக்காது. நீ மாரில் அடித்துக்கொண்டாய். உன் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒப்பாரி என்று தெரிந்தது, ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. ஒரு சின்னப் பிள்ளை பயந்து அழ, டீச்சர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். நீ போகவில்லை. அவளும் நகரவில்லை. வெயில் சாய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றீர்கள்.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடியே நடந்தது.

வெளியே போகிறாயா என்று ஜென்சி கேட்டாள். போனாலும் தாத்தா இல்லாத வீட்டுக்குத்தான் போகணும், இங்கேயே இருக்கேன் என்றாள். பிறகு, தலை முழுக வேண்டும் என்றாள். அதற்குத் தண்ணீர் கிடையாது. ஷெர்லின் தன் பங்கைக் கொண்டுவந்து வாளியில் ஊற்றினாள், ஜென்சி ஊற்றினாள், நான் ஊற்றினேன். இரண்டு நாளாக நாங்கள் யாரும் துடைத்துக்கொள்ளவில்லை, எங்களிடம் வரும் நாற்றத்துக்கு நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றது நல்லது. அவள் முழுகின தண்ணீரும் தொட்டிக்குத்தான் போயிற்று. மறுநாள் காலையில் நாலு டம்ளரில் வந்தது. ஜென்சி சிலுவை போட்டுவிட்டுக் குடித்தாள். நாங்கள் எல்லாரும் குடித்தோம். உன் தம்பிக்கு முழுகின தண்ணீர் அப்பாயி.

அதில் ஒரு பாட்டில் ரஞ்சனி நிரப்பி எடுத்து வைத்திருக்கிறாள். உனக்காம். பரிசோதனைக்கு வெளியே போகும் பாட்டில்களோடு அனுப்பிவிடலாமே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், உன் மூக்கோடு. யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டாளாம். தை பிறந்து கதவு திறந்ததும் அவளே திருவெள்ளறைக்குக் கொண்டுவருவாளாம். வாசலில் நிற்க வைத்துவிடுவாயா என்று கேட்கச் சொன்னாள்.

அனுசுயா

*

திருவெள்ளறை
ஐப்பசி 29, சனிக்கிழமை

அனுசுயாவுக்கு அப்பாயி எழுதுவது.

பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்கே ஒரு ராக்கெட் வேண்டும், அதன்பிறகு வையம்பட்டி ஒன்றும் தூரமில்லை. உங்கள் செவ்வாயைப் பார்த்துவிட்டேன். கருவேலமுள், ஒரு தகரக் கொட்டகை, வாட்ச்மேனுக்கு ஒரு நாற்காலி. அந்த டீச்சர் நான் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். இடையில் நின்றுபோன பள்ளிக்கூடம் என்றேன்.

அந்தப் பெண் நின்ற நிற்பைப் பார்த்தேன். அழவில்லை. அவள் தாத்தன் மாதிரி இல்லை. வேறு யார் மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன்.

போட்டோ மாட்டி வைத்திருந்தானாம். போட்டோவுக்கு மாலை போடலாம், ஆணி அடிக்கலாம், அதற்கு எதிரில் நின்று பேச வேண்டாம் பார். சௌகரியம்.

அவள் வரட்டும். வாசலில் எல்லாம் நிற்க வைக்க மாட்டேன், தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்க எனக்குப் பிடிக்காது. உள்ளே வந்து உட்காரச் சொல். சோறு ஆக்கி வைப்பேன், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பிறகு கொடுக்கட்டும். அந்த வீட்டுத் தண்ணி எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து குடித்தது. எப்போதும் சப்பென்றுதான் இருக்கும். இதில் நாலு பேர் வேர்வை வேறு சேர்ந்திருக்கிறது, உப்பாவது இருக்கும். இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

பாட்டிலை நன்றாக மூடிக் கொண்டுவரச் சொல். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும், மேலே பெட்டித் தட்டில் போட வேண்டாம். திருவெள்ளறை ஸ்டாப்பில் இறங்கச் சொல், அதற்கு முந்தினதில் இல்லை. அவள் தாத்தனுக்கு எதையும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியாது.

பாப்பாயி